அரிசி மூட்டைமேல் நின்று சொன்ன வாக்கு

கூஃபா,
சஃபர் பிறை மூன்று.

அன்பு மகன் மிக்தாதுக்கு உன் வாப்பா தாகில் எழுதிக்கொள்வது. உனக்கும் மருமகள் பல்கீஸுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஸலாம். இறைவன் கிருபையால் நானும் உன் உம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அவளுக்கு வாய் அப்படியே இருக்கிறது, இரண்டும் குறைவதாகக் காணோம். இங்கே வெயில் ஐம்பதைத் தொட்டுவிட்டது, நீ அங்கே மால்மோவில் போர்வைக்குள் தூங்குகிறாய் என்று கேள்வி, நன்றாகத் தூங்கு, தூங்குகிறவனை யாரும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். இரண்டு வாரமாக நான் அனுப்பும் செய்திக்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் விழவில்லை. கடிதத்தில் அந்த வம்பு இல்லை, படித்தாயா கிழித்தாயா என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டு உம்மு ஜவாத் மகளைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் ஊறுகாயும் ஒரு டின் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்புகிறோம், கடிதத்தைப் பழத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். பழத்தைத் தின்று தீர்த்தால்தான் கடிதம் வரும், நீ தின்னிப்பண்டாரம் என்பதால் இரண்டு நாளில் படித்துவிடுவாய்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குளிர்பெட்டி மறுபடி நின்றுவிட்டது, உன் உம்மா அதற்கு இரண்டு உதை கொடுத்தாள், ஓட ஆரம்பித்தது, அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதும் அவள் கால் துருதுருக்கிறது. சின்னவனுக்கு முன்பல் விழுந்ததா, விழுந்தால் கண்ட இடத்தில் எறியாமல் சூரியனைப் பார்த்து வீசச் சொல். ஹாஜி நிஃமா மவுத்தானது உனக்குத் தெரியும், போனில் அழுதாய். அழுதது வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தாய், அதற்குப் பிறகுதான் உனக்கு ஞாபக மறதி வந்துவிட்டதாம். முப்பத்துநான்கு வயதில் மறதி வருவது நம் வம்சத்தில் கிடையாது, உன் தாத்தா தொண்ணூறு வயதில்கூட எந்த வருடத்து வெள்ளத்தில் தன் இடதுகால் செருப்பு போனது என்று சொல்லுவார். ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன், தெரிந்ததையே சொல்கிறாரே என்று சலித்துக்கொள்ளாதே, மறந்தவனுக்குத்தானே சொல்கிறேன்.

ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் பெருமானார் கடைசி ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில், கதீர் குளத்தருகே, மண்டை பிளக்கும் வெயிலில் கூட்டத்தை நிறுத்தினார்கள். ஒட்டகச் சேணங்களை அடுக்கி மேடையாக்கி, அதன்மேல் நின்று தம் மருமகன் அலியின் கையைத் தூக்கிப் பிடித்து, நான் யாருக்குத் தலைவனோ அவருக்கு இவரும் தலைவர் என்றார்கள். நம் ஷியா நம்பிக்கைக்கு அதுதான் அஸ்திவாரம், வருடா வருடம் அந்த நாளைப் பெருநாளாக வைத்து விருந்து போடுகிறோம். மூன்று வருடத்துக்கு முன் நீ குடும்பத்தோடு லீவில் வந்திருந்தபோது அந்த விருந்தில் ஹாஜி நிஃமா என்ன செய்தார்? நாற்பது வருடமாக நாம் துக்கம் கொண்டாடக் கூடும் ஹுசைனியா மண்டபத்தைக் கட்டிக் காத்த மனுஷன், முற்றத்தில் அரிசி மூட்டைகளை அடுக்கச் சொன்னார். எண்பது வயதுக் கிழவர், ஒரு பக்கம் நான் முட்டுக்கொடுக்க, ஒரு பக்கம் நீ ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாங்க, மூட்டைமேல் ஏறினார். மிஸ்ஹிரைக் கூப்பிட்டார். சதுப்பு நிலம் வற்றிப்போன காலத்தில் எருமையும் இல்லாமல் குடிசையும் இல்லாமல் இங்கே வந்து, முப்பது வருடமாக ஹுசைனியாவின் பின்னறையில் கிடந்து, கர்பலாவுக்கு நடந்து போகிறவர்களுக்குக் கடலையும் இறைச்சியும் போட்டு கீமா கிண்டுகிறானே, அதே மிஸ்ஹிர்தான். புகையேறிய அவன் கையைத் தூக்கிப் பிடித்து, “கேட்டுக்கோங்கப்பா, எனக்கப்புறம் இந்த அண்டா கிண்டுற துடுப்பும் ஹுசைனியா சாவியும் இவனுக்கு. இவனுக்குக் கீழ நிக்கமாட்டேங்கிறவன் இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்” என்றார். யாரும் போகவில்லை, சோறு இன்னும் பரிமாறவில்லை. முதலில் ஓடிவந்து மிஸ்ஹிரின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டது யார் தெரியுமா? உன் மாமனார் ஹாஜி ஷஃலான். “வாழ்த்து மிஸ்ஹிர், வாழ்த்து, இன்னையிலேர்ந்து எங்க எல்லாருக்கும் நீதாம்பா பெரிய ஆளு” என்று அவர் சொன்னது முற்றம் முழுக்கக் கேட்டது. உனக்குத்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

இந்த வருடம் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் ஹாஜி நிஃமா காய்ச்சலில் படுத்தார். வியாழக்கிழமை காலையில் நாங்கள் ஆறேழு பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். ஒரு காகிதமும் பேனாவும் கொடுங்கள், எழுதிவைத்துவிட்டுப் போகிறேன் என்றார். உன் மாமனார், “காய்ச்சல் பேசுது பாவம், தூங்கவிடுங்க” என்று போர்வையை இழுத்துவிட்டார். பேனா உன் மாமனாரின் சட்டைப்பையிலேயே இருந்தது, நீல மூடி போட்டது, என் கண்ணுக்கு நேராக. பெருமானார் தம் கடைசி வியாழக்கிழமையில் எழுதக் கேட்டதையும் அது நடக்காமல் போனதையும் மிம்பர் மேடையில் சொல்லும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தித் தன் அங்கியை நனைத்துக்கொள்பவரும் இதே ஷஃலான்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தேன், வியாழக்கிழமைதான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுகைக்குப் பிறகு உயிர் பிரிந்தது. மய்யித்தை என் குளிப்பாட்டும் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது வருடமாக இந்த ஊர் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறேன், அழுதுகொண்டே குளிப்பாட்டியிருக்கிறேன், ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு குளிப்பாட்டியது அன்றுதான். என் கூடத்துக்கும் ஹுசைனியாவின் அண்டாக்கள் கிடக்கும் தகரக் கொட்டகைக்கும் நடுவில் ஒரே சுவர்தான், மேலே காற்றுப்போக ஓட்டை உண்டு. நான் கழுவ, மிஸ்ஹிர் தண்ணீர் ஊற்றினான். இலந்தை இலைத் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம். கற்பூரத் தண்ணீர் ஊற்றும்போது பெயர்கள் அடிபட்டன. மூன்றாவதாக வெறும் தண்ணீரை ஊற்றி முடிக்கவில்லை, அங்கே ஸலவாத் வாழ்த்து முழங்கிவிட்டது. ஹாஜி ஷஃலானாம் புதுத் தலைவர். நான் மிஸ்ஹிரைப் பார்த்தேன், அவன் செம்பைப் பார்த்தான், பிறகு, “பாதத்துப் பக்கம் இன்னும் ஒரு செம்பு ஊத்தணும் அண்ணே” என்றான்.

பெருமானாரின் உடலை அலியும் குடும்பத்தாரும் குளிப்பாட்டிக்கொண்டிருக்க, வேறொரு இடத்தில் ஒரு கூரைப் பந்தலின் கீழே தோழர்களில் சிலர் கூடி, அடுத்தவர் யார் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்பதுதானே நம் மொத்த வழக்கும்? அந்தப் பெரியவர்களுக்குத் தீர்ப்பெழுத நான் உட்காரவில்லை, அதற்கு அல்லாஹ் இருக்கிறான். நான் பேசுவது நம் தெருக்காரர்களைப் பற்றி. கூரையைக்கூட இவர்கள் விட்டுவைக்கவில்லை மகனே. முற்றத்தில் இடமிருக்க, நிழல் வேண்டுமென்று தகரத்துக்கு அடியில் போய்க் கூடினார்கள். வருடா வருடம் அந்தக் கதையைக் கேட்டு மாரில் அறைந்துகொண்டது வீண்போகவில்லை, காரியத்தை எப்படி முடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒத்திகையே தேவைப்படவில்லை. காரணம் கேட்டால், மிஸ்ஹிருக்கு வயது போதாதாம். அவனுக்கு ஐம்பத்தெட்டு, மகனே, மேல்வரிசையில் நாலு பல் கிடையாது. அலியையும் சின்ன வயது என்றுதான் ஒதுக்கினார்கள் என்று மிம்பரில் சொன்னால் இவர்கள் கதறுவார்கள். இன்னொரு காரணம், அவன் எருமைக்காரனாம், சொல்லிக்கொள்ள ஊரில் ஒரு கோத்திரம் இல்லையாம். ஸல்மான் எங்கோ பாரசீகத்திலிருந்து வந்தவர், அவருக்கு இங்கே எந்தக் கோத்திரம் இருந்தது, பெருமானார் அவரை நம் வீட்டு ஆள் என்று சொல்லவில்லையா என்று நான் கேட்டேன். “அது ஸல்மான்ப்பா, இது மிஸ்ஹிர்” என்றார் உன் மாமனார். பதில் அவ்வளவுதான்.

என்னையும் பெரிய வீரன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் கூடத்தை விட்டு வெளியே வந்ததும் உன் மாமனார் வாசலிலேயே நின்று கையை நீட்டினார், ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஒப்புக்கொண்டார்களாம், நான் மட்டும்தான் பாக்கியாம். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சம்பந்தி, உன் மாமனார், பல்கீஸின் வாப்பா, எப்படிச் சொல்வது? “இப்பத்தான் மய்யித்தைத் தொட்டுட்டு வர்றேன், இன்னும் குளிக்கலை” என்றேன். அவர் தீக்கங்கைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் அதே சாக்கு, எங்கே கண்டாலும் கை நீளும், இன்னும் குளிக்கவில்லை என்பேன். ஊரில் தினமும் யாராவது செத்துக்கொண்டிருந்ததால் பிழைத்தேன். உன் உம்மாதான் ஒருநாள், “எத்தனை நாளைக்குத்தான் குளிக்காம இருப்பீங்க, வீடே நாறுது, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க” என்று துரத்தினாள். போய்ச் சொன்னேன். சொன்ன பிறகு முழங்கால் வலிகூட இரண்டு நாள் இல்லை.

ரமாதியிலிருந்து நமக்கு ஆடு கொண்டுவரும் அபூ உமரை உனக்கு ஞாபகம் இருக்கும், இருக்காவிட்டாலும் பரவாயில்லை, நல்ல மனுஷன், சுன்னி, முஹர்ரத்துக்கு ஆட்டை எடைகுறையாமல் இறக்குவான். இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். வண்டியின் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏ அபூ மிக்தாத், எங்க பெரியவங்க செஞ்சாங்கன்னு ஆயிரத்து நானூறு வருஷமா எங்க சட்டையப் புடிச்சு உலுக்குறீங்க. நீங்க சாயா ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டீங்களேப்பா!” என்றான். இத்தனை வருட விவாதத்தில் அவனிடம் நான் தோற்றது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஆட்டுக்குக் கூடுதலாக ஈரலும் வைத்துவிட்டுப் போனான், அந்த ஈரல் என் தொண்டையில் இறங்கவில்லை.

முஹர்ரம் பத்து, ஆஷூரா அன்று புதுத் தலைவரின் சமையலைச் சொல்ல வேண்டும். மிஸ்ஹிர் கேட்டவுடனே துடுப்பைக் கொடுத்துவிட்டான், அதில்தான் எனக்கு அவன்மேல் கோபம். உன் மச்சினன் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு அண்டாமேல் ஏறினான். கிண்டுகிறவனை நாலு பேர் படம் எடுத்தார்கள், அடியில் தீ எவ்வளவு எரிகிறது என்று பார்க்க ஒருவன் இல்லை. பன்னிரண்டு அண்டா கீமா, பன்னிரண்டும் அடிப்பிடித்தது. தெருமுனையிலேயே மூக்கு சொல்லிவிட்டது. அதையும் தட்டில் வாங்கி, “இந்த வருஷம் ஒரு புகை வாசம் சேர்த்திருக்காங்க, தனி ருசிதான்” என்று சொன்ன ஆட்களை நான் என் காதால் கேட்டேன். கர்பலாவில் தாகத்தோடு இறந்தவர்களுக்காக அழுதுகொண்டே, கருகின கீமாவுக்குத் தலைவரைப் புகழ்ந்துகொண்டே, இரண்டு குடம் தண்ணீர் குடித்தார்கள். பிறகு பன்னிரண்டு அண்டாவின் அடியையும் சுரண்டித் தேய்த்தது யார்? மிஸ்ஹிர். நான் போய்த் திட்டினேன். “பானை யாரோடதா இருந்தா என்னண்ணே, கழுவித்தானே வைக்கணும்” என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆஷூரா முடிந்த வாரம் உன் மாமனார் ஆள் அனுப்பி, கர்பலாவின் நாற்பதாம் நாள் கூட்டத்துக்கு முன்னால் பின்னறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். அரிசி மூட்டை வைக்க இடம் வேண்டுமாம். அரிசி மூட்டை, மகனே! எந்த மூட்டைமேல் ஏறி அவன் கையைத் தூக்கினாரோ அந்த மூட்டைக்கு இடம் வேண்டுமென்று அவனை வெளியே தள்ளுகிறார்கள். அவனுக்கு ஊரும் இல்லை, சதுப்பும் இல்லை, பெண்டாட்டி பிள்ளையும் இல்லை. அவன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டான். நான்தான் ஷெய்க் ஸாஹியிடம் போனேன், நம் தெருவின் வம்புதும்பெல்லாம் தீர்க்கிறவர், யாருக்கும் தலையாட்டாதவர். ஹாஜி நிஃமா சொன்னது உண்மையென்றால் சாட்சி வேண்டும், விருந்தில் இருந்தவர்கள் வந்து நிற்கட்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹுசைனியா முற்றத்தில் கூட்டம் கூடியது. ஷெய்க் எழுந்து, “கதீர் விருந்துல ஹாஜி நிஃமா சொன்னதைக் காதால கேட்டவங்க எந்திரிச்சு நில்லுங்க” என்றார். இதே கூஃபாவில், நம் பள்ளிவாசலுக்குப் பக்கத்து முற்றத்தில்தானே அலியும் கேட்டார்கள், கதீரில் கேட்டவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்று? எத்தனையோ பேர் எழுந்தார்கள், சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள், அதில் ஒருவர் வயதாகிவிட்டது மறந்துவிட்டேன் என்றார் என்று மிம்பரில் சொல்வார்கள், பிறகு அவர் முகத்தில் வெண்குஷ்டம் விழுந்ததையும் சொல்வார்கள், அதைக் கேட்டு நீ சின்ன வயதில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அன்றைக்கு எங்கள் முற்றத்தில் அறுபது பேர். எழுந்து நின்றது நான் ஒருவன். ஒருவர் அப்போது தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போயிருந்தாராம். ஒருவர் கண்ணெல்லாம் வெள்ளரிக்காய்த் தட்டில் இருந்ததாம். அஜீல் கிழவர், “எனக்குக் காது மந்தம்ப்பா” என்றார், ஷெய்க் கேள்வியை மெதுவாகத்தான் கேட்டார், அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. பெருமானார் மறைந்த பிறகு அலியை விட்டு நழுவாமல் நின்றவர்கள் என்று நாம் விரல்விட்டு எண்ணும் பெயர்கள் நான்கு, ஸல்மான், அபூதர், மிக்தாத், அம்மார். பிள்ளை பிறந்தால் அந்தப் பெயரை வைக்க நம் தெருவில் அடிதடி. அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன், மூன்று ஸல்மான், நான்கு அம்மார், ஒரு அபூதர், இரண்டு மிக்தாத். ஒருத்தனுக்கும் இடுப்பு நிமிரவில்லை. பெயர்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஒரு சாட்சி போதாது, இன்னும் ஒருவர் வேண்டும் என்றார் ஷெய்க். எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது, இருக்கிறான், என் மகன், பக்கத்தில் நின்று படமே எடுத்தவன் என்று உரக்கச் சொன்னேன். வீட்டுக்கு ஓடிவந்து உனக்குப் போன் செய்தேன், அன்றைக்குத்தான் கடைசியாக நீ எடுத்தது. நீ சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன், “எனக்கு சரியா ஞாபகம் இல்ல வாப்பா, நான் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்ல, அதனால சரியா பாக்கல.” படம் எடுத்ததால் பார்க்கவில்லை! உலகத்தில் இப்படி ஒரு பதில் உண்டா? சரி, அந்தப் படம் எங்கே என்றேன், போன் மாத்திட்டேன் என்றாய். கடைசியில் உண்மை வந்தது, “மாமாவ எதுத்து நான் எப்படி வாப்பா, நாளைக்கு பல்கீஸ் மூஞ்சில முழிக்க வேணாமா?” அதற்குப் பிறகு நீலக் கோடுதான். உனக்குப் பதின்மூன்று வயதில், சண்டை நடந்த அந்த வருடம், குடல்வால் வீங்கித் துடித்தாய், வண்டி ஓடவில்லை, பாலத்தில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், மிஸ்ஹிர் உன்னை முதுகில் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தான். உன் வயிற்றில் அந்தத் தையல் இருக்கும், குளிக்கும்போது பார், அதற்கும் ஞாபக மறதி வந்துவிட்டதா என்று கேள்.

இப்போது முக்கியமான சங்கதி. போன செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பல்கீஸ் உன் உம்மாவைக் கூப்பிட்டாள். “மாமி, பொம்பளைங்க பக்கத்து ஜன்னல்லேர்ந்து நான் எல்லாத்தையும் பாத்தேன், எங்க வாப்பா முத்தம் குடுத்ததையும் பாத்தேன். எங்கே சொல்லணுமோ அங்கே சொல்றேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, என் மூஞ்சிக்காகத்தான் பாவம் பயந்துக்கிட்டு இருக்காரு” என்றாளாம். சொல்லாதே என்று அவள் உன் உம்மாவிடம் சொன்னாள், உன் உம்மா சொல்லாதீர்கள் என்று என்னிடம் சொன்னாள், நான் உனக்கு எழுதுகிறேன், இந்த வீட்டில் ரகசியம் இப்படித்தான் தங்கும். உன் பழைய போன் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியில்தான் கிடக்கிறதாம், படம் அதில் பத்திரமாக இருக்கிறதாம், அதையும் ஷெய்க்குக்கு அனுப்பிவிட்டாள். அந்த ஜன்னலில் அவள் பக்கத்தில் நின்றவள் உன் உம்மா. என்னோடு அவர்கள் இரண்டு பேர் சத்தியம் செய்தால் போதும், ஏற்றுக்கொள்கிறேன் என்று ஷெய்க் சொல்லிவிட்டார். சொந்தத் தகப்பனுக்கு எதிராக ஒரு பெண் நிற்கிறாள், உன் வீட்டில், உன் பக்கத்துத் தலையணையில் தலைவைத்துப் படுக்கிறவள். நீ யாருடைய முகத்துக்குப் பயந்து ஒளிந்தாயோ அந்த முகம் உனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறது. அவளிடம் இதைப் பற்றிச் சண்டை போட்டாய் என்று கேள்விப்பட்டால் நானே விமானம் ஏறுவேன், முழங்கால் எப்படிப் போனாலும் சரி.

ஆக, கணக்குக்கு நீ வேண்டியதில்லை. துடுப்பு மிஸ்ஹிருக்கு வந்துவிடும், பாயையும் விரித்துவிடுவான், நாற்பதாம் நாள் கீமா அடிப்பிடிக்காது. மிஸ்ஹிருக்காக எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தை முன்பக்கத்திலேயே நிறுத்தியிருப்பேன். உனக்காகத்தான் எழுதுகிறேன். பிறை பதினைந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு, ஷெய்க் போனை ஒலிபெருக்கியில் போட்டு, விருந்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார். பல்கீஸ் பேசுவாள். அவள் பேசி முடித்ததும் போனை வாங்கி, நானும் இருந்தேன், நானும் கேட்டேன் என்று ஒரு வரி சொல். தேவைப்படாத இடத்தில் சொல்லுவது கேவலம் என்று நினைக்காதே, நானே பதினைந்து நாள் குளிக்காமல் திரிந்துவிட்டுத்தான் சொன்னேன், தாமதமாக எழுந்தாலும் எழுந்தவன் எழுந்தவன்தான்.

வாய் வரவில்லையென்றால் ஒன்று செய். நீ பிறந்த அன்றைக்கு எந்தப் பெயர் வைப்பது என்று வீட்டில் எல்லோரும் சத்தம் போட்டார்கள். நான்தான், எல்லோரும் போன பிறகும் நிற்கிறவன் என் மகனாக இருக்கட்டும் என்று உன் காதில் மிக்தாத் என்று சொன்னேன். அந்தப் பெயரை ஒரு உறையில் போட்டு உம்மு ஜவாத் திரும்பி வரும்போது கொடுத்தனுப்பிவிடு. காலி டின்னோடு வைத்தால் போதும், பத்திரமாக வந்து சேரும். அதோடு என் பெயரும் போகும் என்பதைத் தெரிந்துகொள், இந்த ஊரில் முப்பத்துநான்கு வருடமாக என்னைத் தாகில் என்று கூப்பிட்டவர் கிடையாது, அபூ மிக்தாத், மிக்தாதின் தகப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அஜீல் கிழவருக்குக்கூட அந்தப் பெயர் நன்றாகக் கேட்கிறது.

கோபத்தில் எழுதினேன், பாசம் குறைந்து எழுதவில்லை. உன்னை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, வலிப்பதால்தான் இத்தனை பக்கம். அல்லாஹ் உனக்கு உடம்பு சுகத்தையும் நாக்குக்குப் பலத்தையும் தருவானாக, பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுசைக் கொடுப்பானாக, பல்கீஸுக்கு நூறு ஆயுசு. ஊறுகாயை வெயிலில் வைக்காதே, மூடியை ஈரக்கையால் திறக்காதே என்று உன் உம்மா சொல்லச் சொன்னாள். பிறை பதினைந்து, அஸர், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரைக்கும்
அபூ மிக்தாத்